பூச்சி மாத்திரை கொடுத்தாச்சு... அப்புறம்?

வருஷத்துக்கு இரண்டு முறை, பெரும்பாலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் 'பூச்சி மாத்திரை' கொடுக்கிறார்கள். 2015-ல் தொடங்கிய 'தேசிய குடற்புழு நீக்க நாள்' திட்டம் இது. ஒன்று முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் பாதி. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நீங்கலாக, கொடுக்கிறார்கள். காசு கிடையாது. நல்ல திட்டம். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால், மாத்திரை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற பிள்ளையை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"எதுக்குக் கண்ணு இந்த மாத்திரை?"

"வயித்துல இருக்கிற பூச்சி சாகறதுக்கு."

"சரி, பூச்சி வயித்துக்குள்ள எப்படிப் போச்சு?"

"முட்டாயி தின்னா வருமாம். அமுச்சி சொல்லுச்சு."

அன்னூர் பக்கம் பத்து வீட்டில் கேட்டால் எட்டு வீட்டில் இந்தப் பதில்தான் வரும். அதைச் சொல்கிற பிள்ளை அரசுப் பள்ளியில் படிப்பதாகவும் இருக்கலாம், வேன் வைத்துக் கோவைக்குப் போய்ப் படிப்பதாகவும் இருக்கலாம். மாத்திரை கையில் கொடுத்தாயிற்று. பாடம் யாரும் சொல்லவில்லை. என் ஆதங்கம் இதுதான்.

அமுச்சி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இனிப்பு தின்றால் வயிற்றில் புழு 'பிறக்காது'. ஆனால் வாசலில் மண்ணைத் துழாவி விளையாடிவிட்டு, அதே கையால் வெல்லக்கட்டியை வாங்கித் தின்கிற பிள்ளைக்குப் புழு வரும். காரணம் வெல்லம் இல்லை, விரல் நுனி! பாட்டி பார்த்தது சரி, முடிச்சுப் போட்டதுதான் தப்பு. ராத்திரி நறநறவென்று பல்லைக் கடித்தால் பூச்சி என்று சொல்வதும் இப்படித்தான். அதை மட்டும் வைத்துப் புழு இருக்கிறது என்று எந்த டாக்டரும் முடிவு கட்டுவதில்லை.

எந்தப் பூச்சி, எந்த வழி?

'பூச்சி' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. அது தெரியாமல் தடுக்க முடியாது.

நாக்குப்பூச்சி என்று நம்மவர்கள் சொல்வது மண்புழு மாதிரி நீளமாக இருக்கும் உருண்டைப்புழுவை. அதில் ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரைக்கும் போடும். மலத்தோடு வெளியே வருகிற அந்த முட்டை உடனே யாரையும் தொற்றாது. இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்து பக்குவமானால்தான் தொற்றும். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். நகக்கண் வழியாக, கழுவாத காய் வழியாக வாய்க்குப் போய்ச் சேரும். ஆக, வெட்டவெளியில் போகிற ஒருத்தர், மண், கை, வாய்... இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை அறுத்தாலும் புழு செத்தது மாதிரிதான்.

கீரிப்பூச்சி வேறு ரகம். வெள்ளை நூல் துண்டு மாதிரி, பொடியாக இருக்கும். ராத்திரியில் ஆசனவாய்ப் பக்கம் வந்து முட்டை போடும். பிள்ளை தூக்கத்திலேயே சொறியும். நகத்தில் ஒட்டும், பெட்ஷீட்டில் ஒட்டும், பக்கத்தில் படுத்திருக்கும் தம்பிக்குப் போகும். இதற்கு மண்ணே தேவையில்லை. மொசைக் தரை, மார்பிள் தரை போட்ட வீட்டிலும் ஜோராகக் குடும்பம் நடத்தும். அதனால்தான் ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம் கொடுக்கச் சொல்கிறார்கள். படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

கொக்கிப்புழுவோ பெரும்பாலும் வாய் வழியாக வருவதே இல்லை. செருப்பில்லாத பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்ந்து, குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. வகையைப் பொறுத்து ஒரு புழுவால் ஒரு நாளைக்கு 0.03 மில்லி முதல் 0.2 மில்லி வரை ரத்தம் போகும். 'இத்தனூண்டுதானே' என்று தோன்றும். நூறு புழு இருந்தால் தினம் 3 மில்லியிலிருந்து 20 மில்லி வரை! களை எடுத்துவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்து, "என்னமோ தெரியலீங்க, கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது" என்கிற பெண்ணுக்கு டானிக் மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

நான்காவது நாடாப்புழு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

மாத்திரை எவ்வளவு நாள் காக்கும்?

அல்பெண்டசோல் தடுப்பூசி இல்லை. அன்றைக்கு வயிற்றில் இருக்கிற புழுவைத்தான் அது கொல்லும். நாளைக்கு வரப்போகிற புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரை கொடுத்தபின் புழு எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்று உலகின் பல இடங்களில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2012-ல் ஒரு கணக்கு வெளியானது. ஒரே வருஷத்தில் உருண்டைப்புழு பழைய அளவில் நூற்றுக்கு 94 பங்கு திரும்பிவிடுகிறதாம். கொக்கிப்புழு நூற்றுக்கு 57. வீட்டைக் கூட்டிச் சுத்தம் பண்ணிவிட்டுக் கதவைத் திறந்து போட்டு வைத்த கதைதான்.

அப்படியானால் கதவைச் சாத்த என்ன வழி? பாடம்தான் வழி என்றால், "பாடம் சொன்னாப் புழு போயிருமா?" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

முதலாவது சீனாவில் நடந்தது. ஹூனான் மாகாணத்தில் 38 கிராமப்புறப் பள்ளிகளில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஆஸ்திரேலிய, சீன ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை. பிறகு பாதிப் பள்ளிகளில் பன்னிரண்டு நிமிஷ கார்ட்டூன் படம் ஒன்றைக் காட்டினார்கள். பெயர் 'மாயக் கண்ணாடி'. அதைப் போட்டுக்கொள்கிற பையனுக்குக் கண்ணுக்குத் தெரியாத புழு முட்டையெல்லாம் தெரிய ஆரம்பித்துவிடும்! படத்துக்குப் பிறகு வகுப்பில் பேச்சு, ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி. மீதிப் பாதிப் பள்ளிகளில் வழக்கம் போலச் சுவரில் ஒரு சுகாதார போஸ்டர் மட்டும். படிப்பு வருஷ முடிவில் பரிசோதித்தார்கள். போஸ்டர் ஒட்டிய பள்ளிகளில் நூற்றுக்கு 8.4 பிள்ளைகளுக்குப் புழு வந்திருந்தது. படம் பார்த்த பள்ளிகளில் 4.1. பாதிக்குப் பாதி குறைவு! கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை கழுவுகிற பிள்ளைகள் அங்கே நூற்றுக்கு 54 பேர், இங்கே 99 பேர். 2013-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற பெரிய மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

போஸ்டர் ஒட்டினதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற நம் சுகாதாரத் துறைக்காரர்கள் இந்த ஒரு ஆய்வையாவது படித்துப் பார்க்க வேண்டும். நம்ம ஊரில் போஸ்டர் மேலேயே இன்னொரு போஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது நம் நாட்டிலேயே நடந்தது. நரம்புச் சிலந்தி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வயசான அப்பாருகளிடம் கேட்டால் சிலருக்குப் பெயராவது ஞாபகம் இருக்கும். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்கிற ஊர்களில் வந்த நோய். தண்ணீரில் இருக்கும் பொடி நீர்ப்பூச்சியின் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். வடிகட்டாமல் குடித்தால் உள்ளே போய், ஏறக்குறைய ஒரு வருஷம் உடம்புக்குள் வளர்ந்து, மூன்றடி நீளத்துக்குக்கூட ஆகி, காலில் கொப்புளம் போட்டு வெளியே தலை நீட்டும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் ஆபத்து. எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைப்பார். வைத்ததும் புழு தன் குஞ்சுகளை அந்தத் தண்ணீரில் விட்டுவிடும். அப்புறம் அதையே ஊர் குடிக்கும்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. 1984-ல் இந்தியாவில் ஏழு மாநிலங்களில் சுமார் 40,000 பேருக்கு இருந்தது, அந்த ஏழில் தமிழ்நாடும் ஒன்று. அப்புறம் என்ன செய்தார்கள்? தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். புண் உள்ள காலோடு கிணற்றில் இறங்காதே என்றார்கள். படிக்கிணற்றை மூடி, இறைத்து எடுக்கிற கிணறாக மாற்றினார்கள். கை பம்பு போட்டார்கள். கிணற்றுக்கு மருந்து போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு வீடாகப் போய் 'ஏன்' என்று விளக்கினார்கள். முதலில் நோயை ஒழித்த மாநிலம் தமிழ்நாடு, 1984-லிருந்து இங்கே அந்த நோய் இல்லை. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தான் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000-ல் 'இந்தியாவில் இந்த நோய் இல்லை' என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. உலகம் முழுக்க 1986-ல் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023-ல் பதினாலே பதினாலு பேருக்கு!

மருந்தே இல்லாத நோயை, விஷயத்தை விளக்கியும் துணியை வைத்தும் விரட்டினோம். மருந்து இருக்கிற நோயை, மருந்து இருக்கிறது என்கிற தைரியத்தில் விட்டு வைத்திருக்கிறோம். விசித்திரமாக இல்லையா?

"நாங்க சைவமுங்க..."

இந்தப் பத்திரிகையை வாங்குகிற வீடுகளில் இதைப் படித்துக்கொண்டே, "இதெல்லாம் செருப்பில்லாத பிள்ளைங்க சமாசாரம், நம்ம வீட்டுல ஆர்.ஓ. மெஷின் இருக்கு" என்று பக்கத்தைத் திருப்பப் போகிற அம்மணிகள் இருப்பார்கள். கொஞ்சம் நில்லுங்கள். ஆர்.ஓ. மெஷின் குடிதண்ணீரைத்தான் சுத்தம் பண்ணும். உங்கள் கொத்தமல்லித் தழையை அது சுத்தம் பண்ணாது.

நாடாப்புழு கதைக்கு வருகிறேன். சரியாக வேகாத பன்றிக் கறியைத் தின்பவர் குடலில் இந்தப் புழு வளர்கிறது. அவருக்குப் பெரிதாக ஒரு தொந்தரவும் தெரியாமல்கூட இருக்கும். ஆனால் அவர் மலத்தில் முட்டை வெளியேறும். அந்த முட்டை இன்னொருவர் வாய்க்குள் போனால், அவர் குடலில் நாடாப்புழுவாக வளராது. குடலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, தசையிலும் மூளையிலும் போய் நீர்க்கட்டியாக உட்கார்ந்துவிடும். ஒரு நாள் திடீரென்று வலிப்பு வரும். சுருக்கமாகச் சொன்னால், கறி தின்றவருக்குக் குடலில் புழு. அவர் கை பட்ட சோற்றையோ, அவர் போன கொல்லையில் விளைந்த கீரையைப் பச்சையாகவோ தின்றவருக்கு மூளையில் கட்டி. தின்றவர் சைவமா அசைவமா என்று முட்டை பார்ப்பதில்லை!

வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்தால் மூளையில் சின்னதாக ஒரே ஒரு கட்டி தெரியும். அதை நம் நாட்டில் வெகு காலம் காசநோய்க் கட்டி என்றே நினைத்து, மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்து வந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் கட்டிகள் என்று எடுத்துக் காட்டியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பியல் அறுவை நிபுணர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜ்சேகரும். 1980-களின் கடைசியில் வந்த கண்டுபிடிப்பு அது. பிறகு வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழு என்று தெரிந்தது. வலிப்பு வந்தால் கையில் சாவியைக் கொடுத்து, மந்திரித்துக் கயிறு கட்டி, பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சில் மறைத்து... எத்தனை குடும்பம் எத்தனை பாடு! அதில் ஒரு பங்கு, கை கழுவியிருந்தால் வராமலே போயிருக்கும்.

'முட்டைக்கோஸில் இருக்கும் புழு மூளைக்கு ஏறிவிடும்' என்று ஒரு பீதி அவ்வப்போது கிளம்பும். கோஸில் நெளிகிற பச்சைப் புழு வெறும் பட்டாம்பூச்சிக் குஞ்சு, அது மூளைக்கெல்லாம் போகாது. பயப்பட வேண்டியது இலை மடிப்பில் ஒட்டியிருக்கக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத முட்டைக்கு. அதற்குக் கோஸை விலக்க வேண்டாம். கழுவி வேக வைத்தால் போதும். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊற வைத்தால் முட்டை செத்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். ஊறுவதைவிட ஓடுகிற தண்ணீரில் அலசுவது மேல். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தண்டாக, அடிவேர்ப் பக்கத்தை நறுக்கி எறிந்துவிட்டு அலசுங்கள். முட்டையைக் கொல்வது சூடுதான்.

பச்சையாகச் சாப்பிடுகிறவற்றில் யோசனை வேண்டும். கொத்தமல்லிச் சட்னி, புதினாத் துவையல், வெங்காயத் தயிர்ப் பச்சடி, கேரட் துருவல். சாயங்காலம் சத்தி ரோட்டிலோ அவினாசி ரோட்டிலோ தள்ளுவண்டியில் நின்று சாப்பிடும் காளானில், கொதிக்கிற கல்லில் புரட்டிப் புரட்டி வேக வைத்துவிட்டு, கடைசியில் மேலே தூவுவது என்ன? பச்சை வெங்காயமும் பச்சைத் தழையும்! அதை அள்ளிய கை எங்கே இருந்தது, அந்த வண்டிக்காரருக்கு அவசரத்துக்குப் போகவும் கழுவவும் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறதா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கேட்க வேண்டியது பேரூராட்சி. கேட்க வைக்க வேண்டியது நாம்.

கொரோனா வந்தபிறகு எல்லா வீட்டிலும் சானிடைசர் பாட்டில் இருக்கிறது. அது புழு முட்டையை ஒன்றும் செய்யாது. கையிலிருந்து முட்டையைப் போக்க சோப்பும், தேய்ப்பும், தண்ணீரும்தான் வேண்டும்.

நியூயார்க்கில் நடந்தது

1990, 91-ல் நியூயார்க் நகரத்தில் நான்கு பேர் வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. ஸ்கேன் பார்த்தால் மூளையில் நாடாப்புழுக் கட்டி. டாக்டர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏனென்றால் நான்கு பேருமே ஆசாரமான யூதர்கள், பன்றிக் கறியைத் தொடவே மாட்டார்கள். துருவிப் பார்த்ததில், இந்த நோய் அதிகமுள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து, அந்த வீடுகளில் சமையலும் வீட்டு வேலையும் செய்த பெண்கள் வழியாகத்தான் முட்டை வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு நாடாப்புழு இருந்ததும் பரிசோதனையில் தெரிந்தது. 1992-ல் இது மருத்துவ இதழில் வெளியானது.

இதைப் படித்ததும், "அப்ப வேலைக்காரம்மாவை நிறுத்திரலாமா?" என்று ஒரு குரல் உள்ளே கேட்கும். அங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் எத்தனை வீட்டில், காலையில் ஏழு மணிக்கு வந்து மதியம் வரைக்கும் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கிக் கொடுக்கிற அம்மாவுக்கு வீட்டுக் கக்கூஸைத் திறந்துவிடுகிறோம்? நாலு பாத்ரூம் கட்டிய வீட்டில் அவருக்கு ஒன்று இல்லை. "பின்னாடி காட்டுப் பக்கம் போயிட்டு வந்துருவாங்க" என்கிறோம். போய்விட்டு வந்த கையைக் கழுவ சோப்பு எங்கே வைத்திருக்கிறோம்? பாத்திரம் துலக்குகிற சோப்புத்தான். அதே கைதான் நம் தழையை ஆய்கிறது. தனி டம்ளர் வைத்துவிட்டால் நோய் வராது என்று நினைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. புழு டம்ளரைப் பார்ப்பதில்லை, சாமி. அந்த அம்மாவுக்கு ஒரு கழிப்பறையும், ஒரு சோப்பும், உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கிற அதே வைத்தியமும் கிடைத்தால்தான் உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு. அவருக்கு நாடாப்புழு இருக்கும் என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு வேறு மருந்து இருக்கிறது. சாதாரணப் பூச்சி மாத்திரை ஒன்றை முழுங்கினால் நாடாப்புழு போய்விடும் என்று நம்ப முடியாது. வேலையை விட்டு நிறுத்துவது வைத்தியம் ஆகாது. அடுத்து வருகிறவரும் அதே காட்டுப் பக்கம்தான் போவார்.

மில்லிலும் பவுண்டரியிலும் கோழிப் பண்ணையிலும் வேலை செய்ய வடக்கேயிருந்து வந்து, ஒரு ஷெட்டில் இருபது பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கழிப்பறை எத்தனை என்று முதலாளிமார் எண்ணிப் பார்க்கட்டும். இந்த மாத்திரை பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் போகிறது, ஷெட்டுக்குப் போவதில்லை. வேலூர் சி.எம்.சி.க்காரர்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஊரில் உள்ள எல்லா வயதினருக்குமே மாத்திரை கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அந்தப் பகுதியில் இருப்பது பெரும்பாலும் கொக்கிப்புழு, அதுவும் பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம். பெரியவர்களை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் எப்போது முடியும் இந்தக் கணக்கு?

நம்ம மண், நம்ம லாரி

கக்கூஸ் கட்டியாயிற்று, சரி. செப்டிக் டேங்க் நிறைந்தால்? லாரி வரும். உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே போய் ஊற்றுகிறது என்று நாம் கேட்பதில்லை. ராத்திரியில் ஓடைப் பக்கமோ, காட்டுக்கு எருவென்றோ ஊற்றினால், கோடி ரூபாய்க்குக் கட்டிய வீட்டின் மலம் மறுபடி மண்ணுக்கே வந்தாயிற்று! மாட்டுச் சாணி எருவால் நமக்கு இந்தக் கொக்கிப்புழுவும் நாடாப்புழுக் கட்டியும் வருவதில்லை. மனிதக் கழிவால்தான் வரும். நமக்குப் பக்கத்திலேயே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளுக்காகக் கழிவுச் சேற்றைச் சுத்திகரிக்க ஒரு நிலையம் அமைத்திருக்கிறார்கள். லாரிக்காரரிடம், "எங்கீங்க கொண்டு போய் ஊத்துவீங்க?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு-அவினாசித் தண்ணீர், 2024 ஆகஸ்டிலிருந்து அன்னூர் வட்டாரக் குளங்களுக்கும் வருகிறது. வறண்ட பூமிக்கு இதைவிட சந்தோஷம் ஏது! ஆனால் ஈரமும் நிழலும் உள்ள மண்தான் கொக்கிப்புழுவுக்கும் பிடிக்கும். குளக்கரையில் ஒதுங்குகிற பழக்கத்தை இப்போதாவது விட வேண்டும். வாழைத் தோப்பிலும் களைக்காட்டிலும் இறங்குகிறபோது செருப்பை வரப்பில் கழற்றி விடுவது நம் வழக்கம். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ளும், பூமித்தாயைச் செருப்புக் காலோடு மிதிப்பதா என்ற நினைப்பும் உண்டு. நினைப்பு நல்லதுதான். அதற்காகக் களையெடுக்கிற பெண்களின் ரத்தத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் கிடைக்கிறது. மோட்டாருக்கும் சொட்டு நீர்க் குழாய்க்கும் லட்சம் லட்சமாகப் போடுகிற தோட்டக்காரர், வேலைக்கு வருகிறவர்களுக்கு நாலு ஜோடி வாங்கிப் போட்டு வைக்கலாம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. எல்லாம் புழுவால் வந்ததில்லை, சாப்பாட்டுக் குறையும் உண்டு, மாதவிலக்கும் உண்டு. ஆனால் புழுவை விட்டுவிட்டு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஒரு பீரியட் போதும்

பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குடற்புழு நீக்க நாளன்று, மாத்திரைக்கு முன்னால் ஒரு பீரியட். கரும்பலகையில் ஒரு பாதம், ஒரு கை, ஒரு வாய் வரைந்து, புழு எந்த வழியாக வருகிறது என்று பிள்ளைகளையே அம்புக்குறி போடச் சொல்லுங்கள். நகத்தைப் பாருங்கள். ஒரு நகவெட்டியை வகுப்பிலேயே வையுங்கள். மத்தியானச் சத்துணவு பல காலமாக இருக்கிறது, 2022-லிருந்து காலை உணவும் வந்திருக்கிறது. ஆக ஒரு நாளைக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்ல வாய்ப்பு. குழாய் இருக்கிறது, சோப்பு இருக்கிறதா? இருந்த சோப்பைக் காக்கா தூக்கிப் போயிற்று என்றால், பழைய சாக்ஸில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். தீர்ந்தால் வாங்கிக் கொடுக்கப் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது.

தனியார் பள்ளிகளில் இன்னொரு பிரச்னை. "எங்க பையனுக்கு வேண்டாங்க, நாங்க எங்க டாக்டர்கிட்டயே பாத்துக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் டாக்டரிடமும் போவதில்லை. அரசாங்கம் கொடுக்கிற மாத்திரை மட்டம் என்கிற நினைப்பை விடுங்கள். மருந்துக் கடையில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதும் அதே அல்பெண்டசோல்தான்.

இரண்டு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், மாத்திரை கொடுக்கிற நாளுக்கு முன்பே டீச்சரிடம் சொல்லிவிட்டு, டாக்டரைக் கேட்டபிறகே கொடுங்கள். மூளையில் கட்டி இருப்பது தெரியாமல் இந்த மருந்தைக் கொடுத்தால் மறுபடி வலிப்பைத் தூண்டிவிடலாம். அதேபோல, வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், 'எல்லோரும் சாப்பிடறோம், நீயும் ஒண்ணு போட்டுக்கோ' என்று அவர் கையிலும் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் கூடவே கூடாது, அதற்குப் பிறகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுத்தான்.